மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரை அம்மாவிடம் காட்ட வேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படிக்கிறவர்களுக்கான ஆனர்ஸ் குழுவில் என்னைச் சேர்த்தபோது தெருவுக்கே சொல்லி வந்தீர்களே, அந்தக் குழுவிலிருந்து நீக்கப்போகிறார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். கொடுக்க மாட்டேன்.

மாதம் ஒரு முறை எங்களை நாடகம், அருங்காட்சியகம் என்று அழைத்துப் போவார்கள். இன்னொரு நாள் நாங்கள் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட வேண்டும். அது சமூகப் பணி. என் குரல் உங்களுக்குத் தெரியும். பாவம், அவர்களும் கைதட்டுவார்கள். போன முறை, டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும்மா. நேத்துதான் இன்னொரு காலேஜ் வந்து பாடிட்டுப் போச்சு. எங்களையும் எங்கேயாச்சும் கூட்டிட்டுப் போங்களேன்" என்றார்.

அடுத்து நாடகம். பெயர் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்களுடைய டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டேன். இல்லத்து மேலாளரிடம் அனுமதி கேட்டேன், எங்கள் பஸ் ஓட்டுநர் அண்ணனிடம் வழியில் இல்லத்து வாசலில் நிறுத்தி அவர்களில் சிலரை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் ஒருங்கிணைப்பாளர் மேடத்திடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்பார்.

நாடகம் நடக்கும்போது இல்லத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். எங்கள் பேராசிரியரும்தான் தூங்கினார். ஆபரேட்டர் அம்மா மட்டும் கண் கொட்டாமல் பார்த்தார். திரும்பும் வழியெல்லாம் கதாநாயகனைத் திட்டித் தீர்த்தார். பஸ்ஸே சிரித்தது அப்பா.

மறுநாள் மேடம் கூப்பிட்டு, வெளியாட்களை ஏற்றியது ஒழுங்கீனம் என்றார். நாங்கள் அவர்களிடம் போனால் சமூகப் பணி, அவர்கள் எங்களோடு வந்தால் ஒழுங்கீனமா என்று கேட்டேன். "உனக்கு வாய் நீளுது" என்றார். நீளட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வேண்டுமாம். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் செய்யாத தப்பைச் செய்தேன் என்று என் கையால் எழுத முடியாது. அடுத்த மாதம் அருங்காட்சியகம். ஆபரேட்டர் அம்மா இப்போதே செருப்பைத் தைத்து வைத்திருக்கிறார். குழுவின் பஸ் இல்லாவிட்டால் என்ன, எல்லோரும் போகிற பஸ்ஸில் போவோம்.

எனக்கு அறிவுரை எதுவும் எழுத வேண்டாம் அப்பா. மகள் எப்படிப் படிக்கிறாள் என்று தெருவில் யாராவது கேட்டால் இனி என்ன சொல்வீர்கள், அதை மட்டும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் வந்தால் நல்லது.

உங்கள் வாயையே கொண்டு பிறந்த
மகள்