பாயிண்டுக்குக் கிடைத்த இரண்டு டிக்கெட்

செல்ல மகளுக்கு,

விமானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலோரம் உன் அம்மா. நாங்கள் வருவது உனக்குத் தெரியாது.

பத்து வருஷமாக வயரிங் வேலைக்கு வயரும் சுவிட்சும் வாங்கிய கிரெடிட் கார்டில் பாயிண்ட் சேர்ந்திருந்தது. "ரெண்டு டிக்கெட் எடுக்கலாம், இல்லன்னா நாலு நாள் ஓட்டல் ரூம். எது சார் வேணும்?" என்று வங்கிப் பெண் போனில் கேட்டாள். ரூம் என்றேன். டிக்கெட்டைக் கைக்காசில் எடுத்துக்கொள்ளலாம். உன் வீட்டில் தங்க எந்த முகத்தோடு கேட்பது?

உன் அம்மா போனைப் பிடுங்கி, "டிக்கெட்டே போடும்மா" என்று சொல்லிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பெத்த பொண்ணு இருக்கிற ஊர்ல ஓட்டல்லயா தங்குவீங்க? போய் கதவைத் தட்டுங்க. திறக்கலன்னா அப்புறம் பார்த்துக்கலாம்."

மொட்டை மாடியிலும் கம்பத்திலும் முப்பது வருஷம் ஏறி இறங்கியவன் நான். மேகத்தை மேலிருந்து பார்த்ததே இல்லை. காலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கரையே காணோம். உன் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ தூரத்தையும் நம்ம பொண்ணு ஒத்தையிலயா தாண்டிப் போனா?" என்று கேட்டாள்.

இருபத்திரண்டு வயதில், ஒரே ஒரு பெட்டியோடு. நீ போகக் கூடாதென்ற கோபத்தில் அன்று நான் வாசலுக்குக்கூட வரவில்லை. என் மகள் எவ்வளவு பெரியவள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நேரில் உன்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் இதைத்தான் உன் கையில் கொடுப்பேன். நிதானமாகப் படி. அதுவரை நாங்கள் வெளியே நிற்கிறோம்.

உன் அப்பா