திரும்பி வருகிறவர்களின் பக்கம்

அக்கா,

இன்று விடியற்காலையில் மிளகு ரசம் நுரைகட்டி எழுந்தபோது காரம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. நுரை கூடினதும் இறக்கு, கொதிக்க விடாதே என்று நீ பின்னால் நின்று அதட்டுவாய். இன்று அதட்ட ஆள் இல்லாததால் நானே என்னை அதட்டிக்கொண்டு இறக்கினேன். ஜனவரி ஒன்றாம் தேதி. ஆடியிலிருந்து பூட்டிக் கிடந்த நம் ஹோட்டலை மார்கழியில்தான் மறுபடி திறந்தேன். நீ இல்லாமல் நடக்கும் முதல் புது வருஷம்.

ஓரகத்திகள் இரண்டு பேர் சேர்ந்து ஹோட்டல் வைக்கிறார்கள் என்றதும் மரக்காணமே சிரித்தது நினைவிருக்கிறதா? முதல் நாள் கரண்டி பறக்கும், இரண்டாம் நாள் கடையே பறக்கும் என்று உன் கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரர், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். கல்யாணமான புதிதில் உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டேன். அடுப்படி அவசரத்தில் அந்த 'ங்க' எங்கேயோ விழுந்துவிட்டது. நீயும் அதைத் தேடவில்லை.

இடம் பார்க்கப் போனபோதுதான் நமக்குள் முதல் சண்டை. எனக்குக் கடல் பக்கம் வேண்டும். காற்று உண்டு, பார்க்க அழகு, சென்னையிலிருந்து வரும் கார்களெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போகும். நீயோ சாலைக்கு மேற்கே, உப்பளத்தை ஒட்டிய பொட்டலைக் காட்டினாய். மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் உப்பின் வெள்ளையில் கண் கூசும். உனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

"பாண்டிக்குப் போறவங்களுக்கு எல்லாரும் கடை போட்டிருக்காங்க. திரும்பி வர்றவங்கதான் நெஜமா பசியோட வருவாங்க. நாம அவங்க வர்ற பக்கமா இருப்போம்" என்றாய்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மற்ற ஹோட்டல்களெல்லாம் சீரியல் விளக்குப் போட்டு பிரியாணி அண்டாவை இறக்கும்போது, நீ சாயங்காலமே கடையை மூடிவிட்டுத் தூங்கப் போவாய். எனக்கு வயிறு எரியும். மறுநாள் விடியும்போது வருவார்கள் பார், ஆட்டம் போட்டுக் கண் சிவந்தவர்கள், கத்திக் கத்தித் தொண்டை கட்டினவர்கள். என்ன வேண்டும் என்று நீ கேட்டதே இல்லை. குழைந்த சாதம், மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். வழியில் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருக்கும் புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் அப்பளத்தை ஒரே தட்டில் நடுவில் வைப்பாய். அதை எடுப்பதற்காவது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத்தானே ஆகவேண்டும் என்பது உன் கணக்கு. பாதிப் பேர் பார்த்தார்கள். மீதிப் பேர் அப்பளத்தைச் சாப்பிடாமலே போனார்கள்.

ஆள் வைத்ததிலும் உன் மூளையே தனி. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. நமக்கோ அப்போதுதான் கூட்டம். அதனால் ஐப்பசி பிறந்ததும் உப்பளத்துப் பெண்களைக் கூப்பிட்டுக்கொள்வாய், தை கழிந்து பாத்தி கட்டப் போகும்போது சிரித்த முகமாக அனுப்பிவிடுவாய். செல்வி அப்படி வந்தவள்தான். இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், இதுல யோசிக்க என்ன இருக்குது என்றிருப்பாய்.

பிறகு அந்தப் புயல். கூரைத் தகடு பறந்தது, உப்பளத்தில் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்தது, கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். நான் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீ தண்ணீர் வடிவதற்குள் சாலையோரமாக மூன்று கல்லை வைத்து, மின்கம்பம் நட வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாய். போன வருஷம் ஒன்றாம் தேதியும் தார்ப்பாய்க்குக் கீழே ரசம் வைத்தாய். அவ்வளவாகக் கார் வரவில்லை. போனால்தானே திரும்பி வருவார்கள் என்று நான் முணுமுணுத்தேன். வந்த நாலு பேருக்கும் நீ இலையைத் துடைத்துத் துடைத்துப் போட்டாய். கூரை போட்டது, சுவர் பூசியது, பழைய டிரைவர்களைத் திரும்ப வரவழைத்தது எல்லாம் நீதான். கடை எழுந்து நின்ற பிறகு, ஆடியில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் கடையைப் பூட்டினேன். இடத்துக்காரர் நல்ல மனுஷர், கருமாதி முடியும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு, பெரிய பேக்கரிக்காரர்கள் கேட்கிறார்கள், நடத்துகிறாயா விடுகிறாயா என்று பொங்கலுக்குள் சொல் என்றார். விட்டுவிடு என்றார் என் வீட்டுக்காரர். விடுவதாகத்தான் இருந்தேன். மழை பிடித்தும் நான் கூப்பிடாததால், மார்கழியில் செல்வியே வந்து, "வேலைக்கு வரட்டுமாக்கா?" என்று வாசலில் நின்றாள். அவளிடம் இல்லை என்று சொல்ல வாய் வராமல்தான் மறுபடி திறந்தேன். ஒன்றாம் தேதி எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம் என்றிருந்தேன்.

கூட்டம் வந்தது அக்கா. வெளிச்சம் வரும்போதே இரண்டு கார், பிறகு ஒரு பட்டாளம். இடத்துக்காரரே எட்டிப் பார்த்துவிட்டு, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே டீ குடித்தார். ஆனாலும் எனக்கு மனசு ஒட்டவில்லை. உன் சமையலை நான் செய்கிறேன், உன் நாற்காலியில் நான் உட்கார்கிறேன். உன்னுடைய கடையை யாரோ நடத்துவது போலவே இருந்தது. பேக்கரிக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றிக்கொண்டிருந்தது.

கூட்டம் குறையும் நேரத்தில் அந்த வேன் டிரைவர் வந்தார். வருஷா வருஷம் பாண்டியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்புவாரே, உன்னிடம் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்பாரே, அவர். சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்து, "அக்கா எங்கம்மா, காணோம்?" என்றார்.

இலையில் கை வைத்தவரிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது. சொன்னால் பாதியில் எழுந்துவிடுவார்.

"உள்ள வேலையா இருக்காங்கண்ணா. நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, ரசம் அப்படியே இருக்குதுக்கா" என்று குரல் கொடுத்தார். உள்ளே செல்வி என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரத்தைச் சத்தமாக உருட்டினாள். அவருக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது. இன்னொரு முறை சோறு வாங்கி நிதானமாகச் சாப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்று துவையல் வைத்தேன், அப்பளம் வைத்தேன். அவர் எழுந்துவிடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

கை கழுவிவிட்டு வந்த பிறகு சொன்னேன். ஈரக் கையைத் துடைக்காமலே நின்றார். அடுப்படி வாசல் வரை போய் உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். ஆடியிலிருந்து அப்படி அழவில்லை.

பொங்கல் வரை காத்திருக்காமல் மத்தியானமே இடத்துக்காரருக்குப் போன் போட்டு, கடையை விடுவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். வியாபாரம் தேறிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன்னிடம் மட்டும் நிஜத்தைச் சொல்கிறேன். நீ போனது தெரியாதவர்கள் இந்தச் சாலையில் இன்னும் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராக வருவார்கள், உட்கார்ந்ததும் உன்னைக் கேட்பார்கள். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை நீ உள்ளே வேலையாக இருப்பாய்.