படகு இன்ஜின் அடங்கிய நாள்

என் அன்புள்ள முரளியின் நைனாவுக்கு,

நேற்று சாயங்காலம் வீடியோ காலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதிப் பழகிய கைக்கு ஆள் விட்டுப்போனால் ஆகாது. இந்தப் பக்கம், திருப்பதியில் உங்கள் தங்கை சரசா வீட்டுக் கூடத்தில், நானும் சரசாவும். அந்தப் பக்கம், இங்கிலாந்தில், நம் முரளியும் மருமகள் கவிதாவும். அவ்வளவுதான். இத்தனை நாளாக எங்களோடு கூடவே பேசிக்கொண்டிருந்த ஐந்தாவது ஆள், அந்த டீசல் இன்ஜின், நேற்று வாயைத் திறக்கவில்லை.

எந்த இன்ஜின் என்கிறீர்களா? நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்த கதை இது. அங்கே வீட்டு வாடகை கட்டி மாளவில்லை என்று, முரளி ஒரு நீளப் படகை வாங்கி அதிலேயே குடித்தனம் வைத்துவிட்டான். "கால்வாய்ல இருக்கோம்மா" என்று அவன் சொன்னதும் சரசா நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

"கால்வாலயா? அண்ணி, சித்தூர்ல உங்க ஊட்டாண்ட ஓடுதே, அந்த மாதிரி கால்வாலயா?"

நம் தெருவில் கால்வாய் என்றால் சாக்கடைதானே! பிறகு அவன் படகைக் காட்டினான். கரையெல்லாம் மரம், தண்ணீரில் வாத்துகள். உள்ளே அடுப்பு, கட்டில், சாமி அலமாரி எல்லாம் ரயில்பெட்டி மாதிரி ஒரே வரிசையில். எனக்கே ஆசை வந்தது.

இன்ஜின்தான் வம்பு. படகு நின்றிருந்தாலும் பேட்டரி ஏறுவதற்கு அதை ஓட்டியாக வேண்டுமாம். வேலை முடிந்து வந்ததும் அதைப் போட்டுவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுவான். தடதடவென்று, நீங்கள் வேலை பார்த்த மாங்கூழ் ஃபேக்டரி ஜெனரேட்டர் ரூமுக்குள் நின்று பேசுவது போலிருக்கும். உங்களுக்குத் தெரியாத சத்தமா? வெளிநாட்டு ஆர்டர் குவிந்த அந்த வருஷங்களில், கரண்ட் போகும்போதெல்லாம் ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்று, காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள்.

அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது. நான் ஏதாவது கேட்டால் முரளி "ஆங்?" என்பான். தலையைச் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, உங்களுடைய அதே "ஆங்?". இவன் காதையும் ஒரு இன்ஜின் வாங்கிக்கொள்ளப் போகிறதா?

"எலவம்பஞ்சு தலகாணி அனுப்பறேன்டா, சுத்தி வெச்சி அமுக்கிடு" என்றேன். "வேணாம் அத்தை, தீப்புடிச்சிக்கும்!" என்று கவிதா கத்தினாள். காது டாக்டரிடம் போகச் சொல்லி அவனை நச்சரித்தேன். பிள்ளை காதைக் காப்பாற்று, அலிபிரி அடிவாரத்திலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறி வருகிறேன் என்று பெருமாளிடமும் சொல்லிவைத்தேன்.

போன வாரம் செய்தி வந்தது. காதில் ஒரு குறையும் இல்லையாம். சொன்னபடி ஏறி இறங்கினேன். முட்டி வலி ஆறட்டும் என்றுதான் சரசா வீட்டில் தங்கியிருக்கிறேன்.

முரளி இன்ஜினையும் விடவில்லை. அது உட்காரும் ரப்பர் தேய்ந்து, இரும்பும் இரும்பும் மோதியதுதான் பாதிச் சத்தமாம். ரப்பரை மாற்றினான். இன்ஜின் பெட்டிக்குள் நெருப்புப் பிடிக்காத மெத்தை ஒட்டினான். நேற்று அதைக் காட்டத்தான் கூப்பிட்டான். "ஓடிக்கினுதாம்மா இருக்குது, கேளு!" தள்ளி ஒரு வீட்டில் யாரோ மாவரைக்கிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவே.

சந்தோஷத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "எப்பப்பா ஊரோட வந்துடுவீங்க?"

"ஆங்?"

சரசாதான் பிடித்தாள். "ஏம்ரா, வினபள்ளேதா? காதுல வுழலயா? இஞ்சினு தூங்குது, காது நல்லாக்கீதுன்னு டாக்டரே சொல்லிட்டான். அப்புறம் இன்னாடா ஆங்கு?"

கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊருக்கு எப்ப வருவன்னு நீங்க கேட்டா மட்டும்தான் அத்தை இவருக்குக் காது அடைக்கும். நான் எப்பவோ கண்டுபுடிச்சிட்டேன்!"

"நைனாகிட்ட கத்துக்கினதுதான்" என்று அவனும் சிரித்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் காது போனது நிஜம். ஆனால் திருப்பதிக்குக் குடிபோகலாமா என்று பக்கத்தில் வந்து கேட்டால் "ஆங்?" என்பீர்கள். அடுப்பங்கரையில் வடை வெந்துவிட்டது என்று மெல்லச் சொன்னால் எழுந்து வருவீர்கள். அது எந்தக் காது?

சிரித்து முடித்த பின் முரளி நேராகவே சொன்னான். "திரும்பி வர்ற மாதிரி இல்லம்மா. உன்கிட்ட சொல்ல வாய் வரல. நீ வந்து எங்ககூட இரு. இன்னாத்துக்கு அங்க தனியா?"

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. இன்ஜின் இன்னும் கொஞ்ச நாள் சத்தம் போட்டிருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது. கோபமில்லை, நைனா. பிள்ளை காது நல்லபடி இருக்கிறது, வாயும் திறந்துவிட்டது. வேறென்ன வேண்டும்? ஆனால் நீங்கள் வாழ்ந்த வீட்டைப் பூட்டிவிட்டு, உங்களைக் கேட்காமல் நான் எப்படிப் போவது?

போனால் ஒன்று செய்வேன், இது சத்தியம். அவன் இன்ஜின் பெட்டியைத் திறக்கும் போதெல்லாம் இரண்டு காதுக்கும் மூடி மாட்டியிருக்கிறானா என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல அந்த ஃபேக்டரியில் யாரும் இல்லாமல் போனார்கள்.

போகட்டுமா, வேண்டாமா? டிக்கெட் போட அவன் காத்திருக்கிறான். கனவில் வந்தாவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி, முரளியின் அம்மா