கயிற்றைத் தூக்கியது யார்

பொண்டேரா, இத்தாலி
ஜனவரி 1996, செவ்வாய்க்கிழமை

என் அன்பு அக்கா யாத்விகாவுக்கு,

மலைமேலிருந்து உன் மால்வினா. அம்மா பக்கத்தில் இருந்தால் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டாதே.

நான் நன்றாக இருக்கிறேன். நீ அனுப்பிய பார்சல் வந்தது. தினமும் சோளமாவுக் களியே தின்று அலுத்துப்போன நாக்குக்கு நம் ஊர்த் தொத்திறைச்சி தேவாமிர்தம். கிராக்கோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கக் கிடைத்த இடத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்டதை அம்மா இன்னும் குத்திக்காட்டுகிறாளா? "பிள்ளைங்களுக்குப் பனியில வழுக்கக் கத்துக்கொடுக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று ரயிலடியில் அத்தனை பேர் முன்னால் கேட்டாளே!

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை ஒரு விபத்து. இந்தப் பனிச்சறுக்குப் பள்ளியின் சொந்தக்காரர் எர்மான்னோவும் நானும் குழந்தைகளைக் கூட்டிப்போயிருந்தோம். அவர் முன்னால், நான் வரிசையின் கடைசியில். மதியத்துக்கு மேல் காற்று பலமாக எழுந்தது. பின்பக்கச் சரிவில் இறங்கினால் சீக்கிரம் கீழே போய்விடலாம். ஆனால் புதுப்பனி இன்னும் இறுகவில்லை என்று காலையிலேயே அதைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். எர்மான்னோ தன் ஊன்றுகோலால் அந்தக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "வாங்க, வாங்க! நான் பொறந்து வளர்ந்த மலை இது" என்றார். குழந்தைகள் சிரித்துக்கொண்டே குனிந்து நுழைந்தார்கள். நானும் நுழைந்தேன்.

பாதி வழியில் எங்களுக்கு மேலே பனி அறுந்து சரிந்தது. பெரிய சரிவு இல்லை, ஒரு வீட்டுக் கூரை அளவுதான். ஆனால் ஃபெம்கே என்ற டச்சுக்காரச் சிறுமியை அது மூடிவிட்டது. ஏழு வயதுக் குழந்தை, அக்கா. ஒரு கையுறை மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு பேரும் கையாலேயே தோண்டினோம். எர்மான்னோ அழுதுகொண்டே தோண்டினார், அதையும் நான் சொல்லவேண்டும். குழந்தை பிழைத்துவிட்டாள். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, தலையிலும் அடி.

கயிற்றைத் தூக்கியது யார் என்று விசாரிக்க வந்த காவலர் கேட்டார். எர்மான்னோ என் பக்கமே திரும்பாமல், "நம்ம டீச்சர்தான். சின்னப் பொண்ணு, ஊருக்குப் புதுசு, தெரியாமச் செஞ்சுட்டா" என்றார். நான் மறுக்காமல் ஃபெம்கேயின் கையுறையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை வாக்குமூலம் வாங்க வருவதாகவும், அதுவரை நான் பள்ளத்தாக்கைவிட்டுப் போகக்கூடாது என்றும் காவலர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எர்மான்னோ என் அறைக்கு வந்தார். "இங்க பாரு பொண்ணே, நீ ஏப்ரல்ல ஊருக்குப் போயிடுவ. உனக்கு ஒரு திட்டோட போயிடும். எனக்குப் பள்ளியே போயிடும். இதை நம்பி எத்தனை வீட்டுல அடுப்பு எரியுது தெரியுமா?" என்றார். மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கெஞ்சினார். அவர் மனைவி நீவெஸ் தினமும் சூப் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை தலையைத் தடவிக்கொடுக்கிறாள். என் அறை அவர்கள் வீட்டின் அடித்தளத்தில். வெளியே போவதென்றால் அவர்கள் சமையலறையைத் தாண்டித்தான் போகவேண்டும். தொலைபேசியும் அங்கேதான். அதனால்தான் கடிதம்.

நேற்று ரொட்டிக்கடைக்காரி காசு வாங்க மறுத்துவிட்டாள். "எர்மான்னோ சொன்னான். நல்ல மனசு உனக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கூட வந்த ஊர்ப் பிள்ளைகளிடமும், வாயைத் திறக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்துவிட்டார்கள். நான் இன்னும் சம்மதிக்கவே இல்லை, அக்கா. ஊரே சம்மதித்துவிட்டது.

உன்
மால்வினா


பொண்டேரா
பிப்ரவரி 1996, வியாழக்கிழமை

அன்பு அக்கா,

உன் பதில் வந்திருந்தாலும் என் கைக்குக் கிடைத்திருக்காது. நான் இப்போது எர்மான்னோ வீட்டில் இல்லை.

வாக்குமூலத்துக்கு முந்தின நாள், "போய் அந்தப் பெத்தவங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு. மத்தது தானா அடங்கிடும்" என்றார் எர்மான்னோ. நீவெஸ்தான் காரில் கூட்டிப்போனாள். குழந்தைக்குக் கொடுக்க ஒரு துணிக்கரடி வாங்கியிருந்தாள்.

மருத்துவமனையில் ஃபெம்கேயின் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், வகுப்பில் நாங்கள் பேசும் அரைகுறை ஆங்கிலத்தில் அவள் ஆரம்பித்துவிட்டாள். "நான் சொன்னா அப்பா நம்பவே மாட்டேங்கிறார். தலையில அடிபட்டதால மாத்தி மாத்திச் சொல்றேனாம். அந்த மீசைக்காரர்தானே கயிறைத் தூக்கினார்? எனக்குத் தெரியும்ல? நீங்க சொல்லுங்க டீச்சர்!"

அவள் அப்பா யோஸ்ட் என்னைப் பார்த்தார். நீவெஸ் கரடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் முகத்தில் பயம் இருந்தது, அக்கா. நான் இல்லையென்று சொன்னால், தன் கண்ணையே அவள் இனி நம்பமாட்டாள்.

"நீ சொன்னதுதான் சரி. எர்மான்னோதான் தூக்கினார். நான் தடுக்காமல் பின்னாலேயே வந்தேன்" என்றேன். ஃபெம்கே, "பாத்தீங்களாப்பா!" என்றாள். உடனே தன் பழச்சாறு எங்கே என்று கேட்டாள். அவளுக்கு அதோடு முடிந்தது.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில், "பெட்டியைக் கட்டு" என்றாள் நீவெஸ். அவ்வளவுதான்.

காவலரிடமும் அதையே சொன்னேன். நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறார் அவர். பள்ளியை மூடிவிட்டார்கள். ஆனால் எப்படிப் போவது? அன்றிலிருந்து விடாமல் பனி கொட்டி, சாலை அடைத்துக்கிடக்கிறது. தபால் வண்டியையும் பால் வண்டியையும் மட்டும் விடுகிறார்கள். ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போதே இடமில்லை என்கிறார்கள். ரொட்டிக்கடையில் அலமாரி நிறைய ரொட்டி இருக்கிறது, "தீர்ந்துபோச்சு" என்கிறாள். பாதிரியார் தேவாலயத்தின் பின்கட்டில் ஓர் அறை தந்திருக்கிறார். அவரும் கதவைத் தட்டி, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, நான் திறப்பதற்குள் போய்விடுகிறார்.

நேற்று தெருவில் எர்மான்னோ பனி அள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திட்டுவார் என்று நினைத்தேன். மண்வெட்டியை இழுத்துக்கொண்டு ஒதுங்கி, நான் போக வழிவிட்டார். தோளெல்லாம் ஒரே வாரத்தில் இறங்கிவிட்டது. திட்டியிருக்கலாம்.

நான் செய்தது சரியா தப்பா என்று நீ எழுதவேண்டாம். அம்மாவிடம், வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது என்று மட்டும் சொல். அத்தானிடம் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டு வா. சாலை திறக்கவில்லை என்றால், ஊருக்குள் நுழையும் வழியில் மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கமே நில். நான் நடந்து வந்துவிடுவேன். தூரத்தில் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டாதே, பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடு அக்கா. இங்கே யாரும் என் பெயரைச் சொல்வதில்லை.

உன்
மால்வினா