கடைப்பக்கம் திரும்பியிருந்த மைக்

என் வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம்தான், அவருடைய முழங்காலும் என் வாயும் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பாட்காஸ்டுக்கு எந்த மைக் வாங்கலாம் என்று மூன்று பட்டியல் அனுப்பி, கையைக் கடிக்காதது, நடுத்தரம், ஆடம்பரம் என்று தலைப்பும் போட்டு, ரயில் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் மைக்கில் அறிவிப்புச் சொன்னவள் நீதானே, நீயே சொல் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். முதலில் ஒரு உண்மை, எனக்கு மைக்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஸ்டேஷனில் எனக்குக் கொடுத்திருந்தது கழுத்து வளைந்து தலை நசுங்கிய ஒன்று, அதன் தலையில் என் கைக்குட்டையைக் கட்டித்தான் பேசுவேன், இல்லாவிட்டால் மூச்சு விட்டாலே பிளாட்பாரத்தில் புயல் அடிக்கும். அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை ஜனத்தையும் சரியான வண்டியில் ஏற்றினேன். ஆனாலும் மகள் கேட்டுவிட்டாளே என்று மூன்றையும் சோதித்துப் பார்க்க இறங்கினேன். உன் அப்பா தையல் மிஷினைக் கொஞ்சம் பலமாக மிதித்தார்.

கையைக் கடிக்காதது, காலரில் குத்திக்கொள்கிற சின்ன மைக். போன் கடையில் வாங்கினேன், இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசுதான், உன் போனிலேயே சொருகிக்கொள்ளலாம். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்று நீ சொல்லியிருந்ததால், அப்பா தைத்து முடித்த கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துச் சாவிக்கடைக்காரர் பேண்ட்டுக்கு அளவு கொடுக்க வந்து, அக்காவுக்கு என்னாச்சு என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா இன்ச் டேப்பைக் கீழே வைக்காமல், ஒண்ணுமில்ல, மகளுக்காக அலமாரிக்குள்ள பேசிட்டிருக்கா என்றார், ஏதோ வாராவாரம் நடப்பது மாதிரி. குரல் சுத்தமாக வந்தது. கழுத்துச் சங்கிலி உரசுவது மட்டும் கேட்டது, அதைக் கழற்றியதும் அந்தக் குறையும் போயிற்று. நடுத்தரம் மாடியில் குடியிருக்கும் பாட்டு டீச்சரிடம் இருந்தது, லேப்டாப்பில் நேராகச் சொருகுகிற நீள மைக். வாய்க்கு நான்கு விரல் தள்ளி வைத்தால் பேசுகிறவரை மட்டும் கேட்கிறது, ஃப்ரிட்ஜ் உறுமுவதையும் தெருவில் ஹாரன் அடிக்கிறவனையும் கண்டுகொள்வதில்லை, இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தால் விட்டுவிடாதே. தலைக்கு ஒரு பஞ்சுத் தொப்பி, கீழே ஒரு ஸ்டாண்டு, காதுக்கு ஒரு ஹெட்போன், செலவு அதோடு சரி. இரண்டு பேர் பேசுவதென்றால் ஆளுக்கொன்று வேண்டும், நானும் டீச்சரும் ஒரே மைக்கை நடுவில் வைத்துப் பேசிப் பார்த்தோம், இரண்டு பேருமே அடுத்த வீட்டில் உட்கார்ந்து சண்டை போடுவது போலக் கேட்டது.

கடைசியாக நீ நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்க்கிற ஆடம்பரம். அதுவும் டீச்சரிடம் பாட்டுப் பதிவுக்கு இருக்கிறது, சொம்பு மாதிரி குண்டாக. அதற்குக் கரண்டு கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு வயர், தூக்கிப் பிடிக்க ஒரு இரும்புக் கை, இது சம்பந்தி வீட்டையே கூட்டிக்கொண்டு வருகிற மாப்பிள்ளை. எல்லாம் சேர்ந்தால் உன் மூன்று மாத வாடகை. இரவல் வாங்கி வந்து நம் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஸ்டேஷன் பழக்கத்தில் அதன் உச்சந்தலையைப் பார்த்து இருபது நிமிடம் பேசினேன். அதற்குள் டீச்சர் டீக்குக் கூப்பிட, பதிவை நிறுத்த மறந்து மாடிக்குப் போய், முக்கால் மணி நேரம் ஊர்வம்பு. திரும்பி வந்து கேட்டால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அந்த வகை மைக்குக்கு முகம் பக்கவாட்டில் இருக்குமாம், நான் அதன் மண்டையோடு பேசியிருக்கிறேன். முகம் அப்பாவின் தையல் கடைப்பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதானே.

நான் மாடியில் இருந்த நேரம் முழுக்க அதில் இருக்கிறது. மிஷின் ஓடுகிறது, கத்தரி வெட்டுகிறது, பிறகு உன் அப்பா பேசுகிறார், கடையில் வேறு யாருமில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் உன் முதல் பாட்காஸ்ட் என்று குடும்பக் குழுவில் போட்டாயே, அப்பா ஒரு மாப்பிள்ளைக் கோட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தைத்த கதை, அதை யாரோ சாவிக்கடைக்காரருக்கு அனுப்பி, அவர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்து, அன்றிலிருந்துதானே இந்த மனிதர் நீ கூப்பிட்டால் அம்மாகிட்ட தரேன் என்று போனை என் கையில் திணிக்கிறார். நீயும் அன்றிலிருந்து ஒரு வார்த்தை பதிவு செய்யாமல் மைக் தேடிக்கொண்டிருக்கிறாய். உனக்குக் குறையாக இருப்பது மைக் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும், இரண்டு பேருக்கும் ஒரே ரோஷம். அந்தப் பதிவில் அவர் உன்னோடு பேச ஒத்திகை பார்க்கிறார், தெரியுமா. என்னம்மா, அப்பா பேசுறேன் என்கிறார். அது சரிப்படவில்லை போல, என்னடா கண்ணு என்று மாற்றிப் பார்க்கிறார். தொண்டையைக் கனைத்துவிட்டு ஒரே மூச்சில், நீ சொன்ன கதை நல்லாத்தான் இருந்துச்சு, நானே ரெண்டு தடவ கேட்டேன், ஆனா ரெண்டும் இடது கை இல்ல, ரெண்டும் வலது கை, சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லு என்கிறார். கத்தரி மறுபடி துணியை வெட்டுகிறது. அப்புறம் மெதுவாக, சாப்பிட்டியா என்று கேட்கிறார். பதில் வருவதற்கு இடம் விடுவது போல நிறுத்தி, மறுபடியும், சாப்பிட்டியா. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன், பொய் சொல்வானேன்.

அதனால் என் தீர்ப்பு, ஆடம்பரம் வேண்டாம், கூப்பிடாத குரலெல்லாம் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும், நம் வீட்டுக்கு அது ஒரு தடவை போதும். காலர் மைக்கில் தொடங்கு, பத்துத் தடவை பேசிய பிறகும் ஆசை இருந்தால் நடுத்தரத்துக்குப் போ. அந்தப் பதிவை உனக்கு அனுப்ப மாட்டேன், இவ்வளவு எழுதினதே அதிகப்பிரசங்கித்தனம், மீதியை அவரே சொல்லட்டும். யார் யாரோ செய்த தாமதத்துக்கெல்லாம் வருந்துகிறோம், வருந்துகிறோம் என்று இருபத்தொன்பது வருடம் நான் மன்னிப்புக் கேட்டாயிற்று, உங்கள் இருவருடைய தாமதத்துக்கும் நான் கேட்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பத்து மணிக்குக் கூப்பிடு. எடுத்தவுடன் அம்மாகிட்ட தரேன் என்பார். எந்தக் கைப்பா அது என்று கேள், கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பேச்சு நாலு பேர் காதில் விழ வேண்டும், அது மட்டும்தான் எனக்கு. மறந்துவிடாதே, சாப்பிட்டியா என்று அவர் கேட்டால் ம் என்று முடித்துவிடாதே, என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய் என்று ஒன்று விடாமல் சொல்லு.

இப்படிக்கு,
ஞாயிறு பத்து மணியிலிருந்து தலையில் சோப்பு நுரையோடு குளியலறையில் இருக்கப்போகிற, எத்தனை நேரமானாலும் வெளியே வராத,
உன் அம்மா