அப்பா ஓட்டும் பீங்கான் பஸ்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையுடன் எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா பஸ்ஸில் ஏறாத நேரமெல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், காலையில் வாந்தி குறைந்திருக்கிறதா? கண் விழித்ததும் காய்ந்த ரஸ்க் ஒன்றைக் கடித்துவிட்டு அப்புறம் கட்டிலை விட்டு இறங்கு, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னைத்தான் முதலில் திட்ட வேண்டும். அந்த வெளிநாட்டில் உன் ஆபீஸில் வாந்திக்கு இங்கிலீஷில் என்னென்னவோ பேர் சொல்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னாயே, கலர் கலராகக் கொட்டாவி விடுவதாம், கக்கூஸ் பீங்கானை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு பீங்கான் பஸ் ஓட்டுவதாம், மீனுக்குத் தீனி போடுவதாம், கக்கூஸ் முன்னால் மண்டியிட்டு வெள்ளை டெலிபோனில் பேசுவதாம். மனிதர் சிரிக்கவே இல்லை. சாப்பிடும்போது, இத்தனை பேர் வச்சிருக்காங்கன்னா எல்லாருந்தானே எடுக்கிறாங்க என்றார். உனக்குத் தெரியாததா, பஸ் புகை மூக்கில் பட்டாலே அவருக்குப் புரட்டும். அந்த வெட்கத்துக்காகவே நடக்கிற தூரத்தில் சலூன் வைத்தவர், உன்னை வழியனுப்பக்கூட வாசலோடு நின்றுவிட்டார். பிரசவத்துக்கு நீ மட்டும் போயிட்டு வா, நான் கடையப் பாத்துக்கறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எனக்குத் தெரியும்.

இப்போது அதே மனிதர் கத்தரியை ஆட்டி ஆட்டி வருகிறவர்களுக்கெல்லாம் வாந்திப் பாடம் எடுக்கிறார். பாதி ஷேவிங்கில் நுரையோடு உட்கார்ந்திருப்பவர் எழுந்து ஓடவா முடியும்? பக்கத்துக் கடை டெய்லர் தன் கல்யாணத்தன்றே பீங்கான் பஸ் ஓட்டியதை ஒப்புக்கொண்டார். பல் டாக்டர் படகில் போய் மீனுக்குத் தீனி போட்டாராம். கதை சொல்லத்தான் கூட்டம் அலைமோதுகிறது, முடி வெட்டிக்கொள்ள ஆளைக் காணோம்.

அந்தத் தைரியத்தில் தினமும் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறுகிறார். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டால், தாங்குற வரைக்கும் ஒரு டிக்கெட் குடுங்க என்கிறாராம். புரட்டிக்கொண்டு வந்தால் போன் வருது, போன் வருது என்று கத்துவாராம், தெரிந்தவர்கள் ஜன்னலை விட்டு ஒதுங்கிவிடுவார்களாம். விவரம் தெரியாத ஒரு அம்மாள், வந்தா எடுத்துப் பேசுங்களேன் என்றிருக்கிறாள். அப்பாவோடு வீடு வரைக்கும் வந்த அவளுடைய கைப்பையை நான்தான் கழுவிக் கொடுத்தேன்.

நேற்று கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டார். எடுக்காமல் இல்லை, நன்றாகவே எடுத்தார், ஆனால் பாதியில் இறங்கவில்லை. முகம் வெளுத்து, சட்டை நனைந்து வந்து நின்று, பிளேன் டிக்கெட்ட ரெண்டா போடச் சொல்லு என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விமானத்தில் காகிதப் பை கொடுப்பார்கள் என்றால் நம்பவில்லை, ரெக்சினில் தைக்கச் சொல்லி டெய்லரிடம் அளவு கொடுத்திருக்கிறார்.

மாப்பிள்ளையிடம் சொல்லி கக்கூஸ் பக்கமாக இரண்டு சீட் பார்க்கச் சொல். கனம் எதையும் தூக்காதே. நல்லபடியாகப் பெற்றெடுத்து, தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். மறக்காமல் ஒன்று, பிள்ளை பால் குடித்துவிட்டுத் தோளில் கக்குமே, அதற்கு அங்கே என்ன பேர் என்று அப்பா விசாரித்து வைக்கச் சொன்னார். அந்தப் பேர் எதுவானாலும் பிள்ளையை முதலில் தன் தோளில்தான் போட வேண்டுமாம்.

இப்படிக்கு,
பக்கத்து சீட்டில் உட்காரப்போகும் உன் அம்மா