கதவைப் பார்த்தவன்

அன்புள்ள மகனுக்கு,

வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு வரச்சொல்லிக் கட்டாய அழைப்பு வந்ததால், நேற்று முதல்முறையாக நீதிமன்றம் போனேன். வெளிக்கிடும்போது அம்மா, "இதுக்கெண்டா மட்டும் போறியள், என்ன?" என்றாள்.

கூண்டில் உன் வயதுப் பெடியன் ஒருவன். கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தான். அவனுக்கென்று யாரும் வரவில்லை.

நடுநிலையாக இருக்க முடியுமா என்று நீதிபதி என்னைக் கேட்டார். தெரிந்த பிரெஞ்சில், என் மகன் சிறையில் இருக்கிறான் என்றேன். இதுவரை வெளியாட்களிடம் சொல்லாதது. போகலாம் என்றார்.

நான் போகவில்லை. மாலைவரை அந்தப் பெடியனுக்குப் பின்னால், பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அப்போதும் அவன் கதவைத்தான் பார்த்தான்.

உன் வழக்கு நடந்த பதினொரு நாளும் அம்மாதான் வந்தாள். நீ எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாய் என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பா